சொல்லி அழ முடியாத துக்கம்

மனிதனுக்கு வருகிற துன்பங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, நாலு பேரிடம் சொல்லி அழக் கூடியது. தாயை இழந்தவன் அழலாம். வியாபாரத்தில் நொடித்துப் போனவன் அழலாம். காய்ச்சலில் கிடப்பவன் முனகலாம். ஊர் வந்து திண்ணையில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லும். மற்றொரு ஜாதித் துன்பம் இருக்கிறது. அதை வெளியே சொன்னால், கேட்பவனுடைய உதட்டோரத்தில் முதலில் வருவது சிரிப்பு. பிறகுதான், ஏதோ ஞாபகம் வந்தவன்போல முகத்தைச் சரிசெய்துகொண்டு, "அடடா" என்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டவன் மறுபடி வாய் திறப்பதில்லை.

அப்படிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதை ஒப்புக்கொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா. வயது 38. என்னைவிடச் சில வருஷங்கள் இளையவர். ஆதலால் நான் "தம்பி" என்பேன், அவர் "அண்ணே" என்பார். இருபத்தைந்து வயதிலேயே அவருக்கு நெற்றி மேலே ஏறத் தொடங்கிவிட்டது. முப்பதில் உச்சி வெளுத்தது. முப்பத்தைந்தில், காதுகளுக்கு மேலும் பிடரியிலும் மட்டும் கறுப்பு எஞ்சியது. அவர் இதற்காக வருந்தியதாக நான் கண்டதில்லை. "எண்ணெய்ச் செலவு மிச்சம், சீப்புச் செலவு மிச்சம் அண்ணே" என்று அவரே முந்திக்கொண்டு சொல்வார். நாங்கள் சிரிப்போம். பிறர் எறியப் போகும் கல்லைத் தானே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டால் அடி கொஞ்சம் குறையும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார் என்பது எனக்குப் புரியவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன், மனித மனத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவன், எனக்கே புரியவில்லை.

ஒரு சித்திரை மாதத்து வெயிலில் அவர் என் வீட்டுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. மின்விசிறியைச் சுழலவிட்டும் கழற்றவில்லை. "என்ன தம்பி, சினிமாவில் நடிக்கிறீர்களா?" என்றேன். சற்றுத் தயங்கி, மெதுவாக எடுத்தார். தலை முழுவதும் மழித்திருந்தது. முன்பக்கம் முழுவதும் வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் சிறு பொருக்கு.

"நாற்று நட்டாயிற்றா? அறுவடை எப்போது?" என்று கேட்டுவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். ஆனால் வந்த விஷயத்தைச் சொல்லாமலே காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வந்த விஷயம் இன்னதென்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய பெண் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவரைப் பார்த்துவிட்டு, அவளோடு படிக்கும் சிறுமி, "உங்க தாத்தா வந்திருக்காரு" என்றாளாம். மறுவாரம் பெற்றோர் கூட்டத்துக்கு அவர் சட்டையை மாட்டும்போது மகள் வந்து நின்று, "அப்பா, நீங்க வர வேண்டாம், அம்மா வரட்டும்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். அன்று இரவு கைப்பேசியில் தேடினார். இருபது நிலையங்கள் பதில் சொல்லின. மனைவியின் சங்கிலியைத் தம் சங்கத்திலேயே அடகு வைத்து, ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சிகிச்சை முடிந்த எட்டாவது நாள், இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் என்னைத் தேடி வந்தார். நான் அறுவடையைப் பற்றி விசாரித்தேன்!

அவர் தலையில் என்ன நடந்தது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். மருத்துவம் படித்தவன் அல்லன் நான். இதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இது மோசடி வித்தையல்ல, உண்மையான சாஸ்திரம். ஜப்பானிய வைத்தியர் ஷோஜி ஒகுடா, தீக்காயம் முதலியவற்றால் முடியிழந்த இடங்களில் வேறிடத்து மயிரைச் சிறு வட்டங்களாக எடுத்து நட்ட முறையை 1939-இல் வெளியிட்டார். உலகப் போரின் இரைச்சலில் மேல்நாட்டார் காதில் அது விழவில்லை. 1942-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன், ஆண்களின் வழுக்கைக்கு ஆண்மைச் சுரப்பும் பரம்பரையும் காரணம் என்று காட்டினார். 1952-இல் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் வைத்தியர், பிடரி மயிரை வழுக்கைத் தலையின் முன்புறத்தில் நட்டுப் பார்த்தார். 1959-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் கண்ட உண்மை அதிசயமானது. பிடரியிலிருந்து எடுத்த மயிர், வழுக்கை விழுந்த மண்ணில் நட்டாலும் பிடரி மயிராகவே இருக்கிறது, உதிர்வதில்லை. புகுந்த வீட்டின் குணம் அதற்கு ஒட்டுவதில்லை. பிறந்த வீட்டின் குணமே கடைசிவரை நிற்கிறது.

அந்தக் காலத்தில் நாலு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலோடு வட்டமாக எடுத்து நடுவார்களாம். பார்க்கப் பொம்மையின் தலைபோலக் கொத்துக் கொத்தாக இருக்கும். இன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கருவியால் மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கிறார்கள். ஒரு மயிர்க்கால் கூட்டில் ஒன்று முதல் நாலு மயிர் வரை இருக்கும். முன்நெற்றிக் கோட்டில் ஒற்றை மயிர்களைத்தான், இயற்கையில் சாய்ந்திருக்கும் சாய்விலேயே நட வேண்டும். கூட்டமாக உள்ளவற்றை அங்கே செருகினால் பிரஷ் மாதிரி நிற்கும். பொறுமையும் கண்ணும் கைத்திறமும் வேண்டிய வேலை. நல்ல கையால் செய்யப்பட்டுச் சந்தோஷமாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அதை மறைப்பது நியாயம் ஆகாது.

ஆனால் இந்தச் சாஸ்திரத்தின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. மனிதத் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர் உண்டு. பாதித் தலை வெறுமையானவன் இழந்தது 50,000. அவனுக்கு 2,500 மயிர்க்கால் நட்டால், ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தாலும், திரும்ப வருவது 5,000. அந்த ஐயாயிரமும் புதிதாக முளைத்ததல்ல. பின்னாலிருந்து முன்னால் வந்தது. உலகத்தில் எந்த வைத்தியனாலும் இந்தச் சிகிச்சையில் ஒரு மயிரைக்கூடப் புதிதாக உண்டாக்க முடியாது. கொல்லைப்புறத்துச் செங்கலைப் பெயர்த்து முன்வாசலுக்குத் தளம் போடுகிற வேலை அது. கொல்லையில் செங்கல் அளவோடுதான் இருக்கிறது. மேலும், நட்டது நிற்குமே தவிர, நடாமல் முன்பே இருந்த மயிர் தன் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே போகும். அதை நிறுத்தி வைக்க மருந்து தனி. அதைச் சாப்பிடும் காலம் வரைதான் அதற்குப் பலன்.

இந்தக் கணக்கை என் நண்பரிடம் யாரும் சொல்லவில்லை. பொய் சொன்னார்களா என்றால், அதுவும் இல்லை. "நட்ட முடி உதிராது" என்றார்கள், உண்மை. "சொந்த முடிதான்" என்றார்கள், அதுவும் உண்மை. "வலி இருக்காது" என்றார்கள். மரத்துப்போகும் ஊசி போடும்போது வலித்ததைத் தவிர அதுவும் உண்மை. டாக்டர் வந்து பேனாவால் நெற்றியில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார். பிறகு எட்டு மணி நேரம், இரண்டு இளைஞர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலையை முடித்தார்கள். டாக்டரை அப்புறம் அவர் பார்க்கவில்லை.

நட்ட மயிர் முதல் மாதத்தில் உதிரும். அது இயல்பு, வேர் உள்ளே உறங்கும். மூன்று நாலு மாதத்தில் மறுபடி முளைக்கும். முழுப் பலனைச் சொல்ல ஒரு வருஷம் ஆகும். இதுவும் உண்மைதான். ஆனால் ஒரு வருஷம் "பொறுங்கள்" என்று சொல்ல முடிகிற வியாபாரத்தில் எவ்வளவு சௌகரியம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! நாலாம் மாதம் போனார், பொறுக்கச் சொன்னார்கள். எட்டாம் மாதம் போனார், பொறுக்கச் சொன்னார்கள். பன்னிரண்டாம் மாதம் போனபோது, "உங்கள் உடம்பு வாகு அப்படி, இன்னொரு தடவை செய்துகொள்ளுங்கள், சலுகை தருகிறோம்" என்றார்கள்.

ஒரு வருஷம் கழித்து அவர் தலை இருந்த விதம் இது: நெற்றியில், இருபது வயதுப் பையனுக்கு இருக்க வேண்டிய உயரத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு வரிசை. அதன் பின்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மயிர். உச்சியில் பழைய வழுக்கை இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தது. பிடரியோ பூச்சி அரித்த கம்பளிபோல ஆகிவிட்டது. முன்பெல்லாம் அவரைப் பார்த்தவர்கள் வழுக்கைத் தலையர் என்று எண்ணிக் கண்ணை எடுத்துவிடுவார்கள். இப்போது இரண்டாம் முறை பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டார்கள். அவருக்கு வேதனை தந்தது அந்தப் புரிந்துகொள்ளுதல்தான். வழுக்கை இருப்பது தெரிந்தால் பாதகமில்லை. அதை மறைக்க ஆசைப்பட்டது தெரிந்துவிட்டதே!

மகளோ அந்தப் பேச்சையே மறந்துவிட்டிருந்தாள். அப்பாதான் மறக்கவில்லை.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "முடிதானே, போனால் என்ன? இதற்குப் போய் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தவனுக்கு இரக்கம் ஒரு கேடா?" நானும் அப்படிக் கேட்டவன்தான். கம்பனுடைய தசரதன் காதோரத்தில் ஒரு நரை மயிரைக் கண்டதும் ராஜ்யத்தையே மகனிடம் ஒப்படைக்க எண்ணவில்லையா? உடம்பு சொல்லும் செய்தியைக் கேட்டுப் பணிந்துவிடுவதல்லவா விவேகம்? சொல்ல அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தசரதன் நெடுங்காலம் ஆண்டு அலுத்தவன். முடியை இறக்கி வைக்க அவனுக்கு ராமன் இருந்தான். இருபத்தைந்து வயதில் இந்தச் செய்தி வந்த குமாஸ்தா எதை யாரிடம் ஒப்படைப்பது? உள்ளதை ஏற்றுக்கொள் என்ற உபதேசத்தை ஒருவன் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது ஞானம். வலிக்கிற இன்னொருவனுக்குச் சொன்னால் பெரும்பாலும் அது அலட்சியம்தான்.

ரோமாபுரியை ஆட்டிவைத்த ஜூலியஸ் சீஸருக்கு வழுக்கை பெரிய மனக்குறை. பின்னாலிருந்த மயிரை முன்னால் வாரிவிட்டுக்கொள்வாராம். செனட் சபை அளித்த மரியாதைகளில் எப்போதும் வெற்றிமாலையைத் தலையில் சூடிக்கொள்ளும் உரிமையைத்தான் அவர் மிகவும் விரும்பினார் என்று சரித்திரக்காரர் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். உலகத்தையே ஜெயித்தவருக்கு வராத ஞானத்தைத் திண்டுக்கல் குமாஸ்தாவிடம் எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

இன்னொன்றையும் யோசித்தேன். முடி ஒன்றுமில்லை என்று நாம் சொல்வது உண்மையா? ஒரு பொருளை மிக அற்பம் என்று ஏச வேண்டுமானால் தமிழன் வாயில் வருவது மயிர் என்ற சொல்தான். அதே தமிழன்தான் மானத்துக்கு உவமை தேடும்போது மயிர் நீப்பின் உயிர் வாழாத கவரிமாவிடம் போகிறான். சபையில் அவமானப்பட்ட பாஞ்சாலி கூந்தலை முடியாமல் சபதம் செய்தாள். அந்தக் கூந்தல் முடிய ஒரு பாரத யுத்தம் வேண்டியிருந்தது. புருஷனை இழந்த பெண்ணைத் தண்டிப்பதற்குச் சில குலங்கள் கண்டுபிடித்த வழியும் தலையை மழிப்பதுதான். இத்தனையையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒருவன் தலையிலிருந்து முடி போகும்போது மட்டும், "அது வெறும் மயிர், விட்டுத் தள்ளு" என்கிறோம். இந்த மதிப்பை அவன் உண்டாக்கவில்லை, நாம் உண்டாக்கியது. மதிப்பைக் கொடுத்தவர்களே, அதை நம்பி ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

நான் எழுதிய கதைகளை எடுத்துப் பார்த்தேன். வட்டிக்கடைக்காரர், அசட்டுத் தலைமையாசிரியர், கஞ்சப் பிரபு, இரண்டாம் கல்யாணத்துக்கு அலையும் கிழவர் என்று, வாசகன் சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு வழுக்கைத் தலையை வைத்திருக்கிறேன். கதாநாயகன் ஒருவனுக்கும் வழுக்கையில்லை. ஒரு மனிதனுடைய குணத்தைக் காட்டச் சிரமப்படாமல் அவன் மண்டையைக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் "உங்க தாத்தா" என்ற சிறுமிக்கு அந்த வார்த்தையை யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று தேடிப் போனால், வழியில் என் பேனாவும் கிடக்கும்.

வியாபாரிக்கு இந்தச் சிரிப்பால் லாபம். கெட்ட அரிசியை விற்றால் வாங்கினவன் மறுநாள் கடைவாசலில் நின்று கத்துவான். இந்தச் சரக்கை வாங்கினவன் கத்த மாட்டான். "நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் தம்பி, நான் கூட வருகிறேன்" என்றேன். அவர் சொன்ன பதில் இது: "அங்கே என் பேரைச் சத்தமாக் கூப்பிடுவாங்க அண்ணே. எதுக்காக வந்தேன்னு கேப்பாங்க. கேட்டுட்டு எல்லாரும் என் தலையைப் பாப்பாங்க." அதற்கு மேல் நான் பேசவில்லை. வெட்கத்தைக் காவல்காரனாக வைத்திருக்கிற கடைக்குப் பூட்டுத் தேவையில்லை.

பணத்தோடு போவதும் எப்போதும் நிச்சயமில்லை. 2016-இல் சென்னையில், முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இந்தச் சிகிச்சையை யார் செய்யலாம் என்று விதிமுறை கூறியபோது, பட்டறைகளிலும் யூட்யூபிலும் பார்த்துக் கற்றுக்கொள்வது போதிய பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டி வந்தது. அப்படி ஒரு வாக்கியத்தை எழுதியாக வேண்டும் என்ற நிலை எப்படி வந்தது? குடல்வால் அறுவையை இப்படிச் செய்ய யாராவது துணிவார்களா? அங்கே நோயாளி இருக்கிறான். இங்கே ஆசைப்பட்டவன் இருக்கிறான். நோயாளிக்கு நேர்ந்தால் அது அநியாயம். ஆசைப்பட்டவனுக்கு நேர்ந்தால், "அவனுக்கு வேண்டியதுதான்."

இங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. நோய்க்கு நாம் இரங்குகிறோம், ஆசைக்கு இரங்குவதில்லை. நோய் தானாக வந்தது, ஆசை அவனாகத் தேடிக்கொண்டது என்பது நம் நியாயம். ஆனால் என் நண்பர் ஆசைப்பட்டது எதற்கு? மன்மதன் ஆவதற்கா? தம் மகளுடைய பள்ளிக்கூட வாசலில் அவளுக்கு அப்பாவாக நிற்பதற்கு. அந்த ஆசையை அவர் தேடிக்கொண்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வழி தவறாக இருக்கலாம். கணக்கை விசாரிக்காதது பிசகாக இருக்கலாம். அதற்கு அவர் மீது கோபப்படலாம். சிரிக்க இடம் எங்கே இருக்கிறது?

போன தை மாதம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "பழனியில மொட்டை போட்டுட்டு இனிமே அப்படியே இருந்துரலாம்னு பாக்கிறேன். கூட வாங்க அண்ணே" என்றார். போனேன். மழித்த தலைகள் நூற்றுக்கணக்கில் நடமாடும் ஊர் அது. கிழவர், குழந்தை, புது மணப்பெண்கூட. ஒருவரும் ஒருவரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. தானாகக் கொடுத்தால் காணிக்கை. தானாகப் போனால் அவமானம். தலை என்னவோ ஒன்றுதான். அங்கே நண்பருடைய முகம் தெளிந்திருந்ததைக் கண்டேன்.

நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை ஓட்டினார். முன்பக்கம் முடிந்து பிடரிக்கு வந்ததும் கை நின்றது. பிடரி முழுவதும், மயிர்க்கால்களைத் தோண்டிய இடமெல்லாம், வெள்ளை வெள்ளையாகத் தழும்புப் புள்ளிகள். மழித்தால் அவை தெரியும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. வெறும் வழுக்கையாக இருக்கும் பழைய நிலைக்குக்கூட இனி அவரால் திரும்பிப் போக முடியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"என்ன சாமி, பின்னால புள்ளி புள்ளியா இருக்கு? அம்மை போட்டிருந்துச்சா?" என்று நாவிதர் கேட்டார்.

நண்பர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க. சின்ன வயசுல" என்றார்.

"பாவம்" என்றார் நாவிதர். அதற்குப் பிறகு அவருடைய கத்தி அந்த இடத்தில் மிக மெதுவாக, வலித்துவிடப் போகிறதே என்பதுபோல ஓடிற்று.

அந்த ஒரு சொல்லை வாங்க என் நண்பர் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. என்னிடம் அவர் உண்மையைச் சொல்ல வந்தார். நான் அறுவடையைப் பற்றிக் கேட்டேன்.